ஹீட்டர் சொன்ன சாட்சி

வாஷிங் மெஷின் வழக்கு என்று யாராவது வந்து உட்கார்ந்தால், எதிர்தரப்பு என்ன பதில் போடும் என்பதை அவர் பேசி முடிப்பதற்குள் என்னால் எழுதிவிட முடியும். “முறையீட்டாளர் இயந்திரத்தைக் கையேட்டில் கண்டபடி பராமரிக்கவில்லை, உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தியிருக்கிறார், ஆகவே உத்தரவாதம் செல்லாது.” கம்பெனி மாறும், வக்கீல் மாறுவார், இந்த வாசகம் மாறாது. பெரும்பாலும் இதை மறுக்க நம் பக்கம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வாஷிங் மெஷினைச் சுத்தம் செய்த தேதியை யார் வீட்டில் எழுதி வைக்கிறார்கள்?

ஒரு வீட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கோவை வடவள்ளிப் பக்கம் சொந்த வீடு, தனி வாழ்க்கை, ஒரே மகள் பெங்களூரில். 2018 தீபாவளிக்கு முன்னால், அக்டோபர் கடைசியில், 27,500 ரூபாய் கொடுத்து முன்பக்கக் கதவு வைத்த ஏழு கிலோ மெஷின் ஒன்றை வாங்கினார். முழு மெஷினுக்கு இரண்டு வருட உத்தரவாதம், மோட்டாருக்குப் பத்து வருடம். கடையில் இந்தப் பத்து வருடத்தைத்தான் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். என்னிடம் வந்த வழக்குகளில் மோட்டார் போனது அபூர்வம். போவதெல்லாம் போர்டு, பம்ப், பேரிங், கதவு ரப்பர், பிறகு இந்த வழக்கில் போன ஸ்பைடர். அவற்றுக்கெல்லாம் இரண்டே வருடம்தான்.

2020 பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போனார் டீச்சர். மே மாதம் திரும்புவதாகத் திட்டம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பிறகு இ-பாஸ் வந்தது, கைக்குழந்தையை விட்டுவிட்டு வரவும் மனமில்லை. அக்டோபரில்தான் வீடு திரும்பினார். வந்ததும் இரண்டு முறை துணி துவைத்திருக்கிறார், ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை, பிழிகிற நேரத்தில் மெஷின் கடகடவென்று ஆடி, டிரம் எதிலோ உரசுகிற சத்தம் கேட்டு, பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டார். அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து புகார் பதிந்தார். உத்தரவாதம் முடிய ஆறு நாள் இருந்தது. புகார் எண்ணும் தேதியும் அவர் போனில் குறுஞ்செய்தியாக வந்து விழுந்தது. அதை அழிக்காமல் வைத்திருந்தார்.

டெக்னீஷியன் நவம்பர் முதல் வாரத்தில் வந்தார். கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பில் கையைக் கொடுத்து மேலே தூக்கிப் பார்த்தார். டிரம் அவர் கையோடு ஆடியது. “ஸ்பைடர் போச்சுங்கம்மா” என்றார். கண்டுபிடிப்பில் தவறில்லை, அது சரியான சோதனைதான். பேரிங் மட்டும் போயிருந்தால் உறுமல் சத்தம் முன்னமே வாரக்கணக்கில் கேட்டிருக்கும். டிரம்முக்குப் பின்னால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் மூன்று கை கொண்ட அலுமினிய வார்ப்புக்குத்தான் ஸ்பைடர் என்று பெயர். அதன் நடுவிலிருந்து போகும் தண்டுதான் பேரிங் வழியாகப் பின்பக்கச் சக்கரத்தோடு சேர்ந்து டிரம்மைச் சுழற்றுகிறது. மூன்றில் ஒரு கை ஒடிந்தாலும் டிரம் தள்ளாடும்.

அதன் பிறகு அவர் எழுதிய ஜாப் ஷீட்டில்தான் வழக்கு பிறந்தது. “உப்பு நீர்ப் படிவு. நீண்ட நாள் பயன்படுத்தாமை. பராமரிப்பு இல்லை. உத்தரவாதம் பொருந்தாது. டிரம் அசெம்பிளி 11,400 ரூபாய்.” தண்ணீரைச் சோதிக்கவில்லை, பின்பக்க மூடியைக் கழற்றவில்லை. திறக்காத மெஷினுக்குள் படிவு இருப்பதாக எழுதிக் கையெழுத்தும் கேட்டிருக்கிறார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்கு மேலே, “மெஷினைத் திறந்து பார்க்கவில்லை, தண்ணீரைச் சோதிக்கவில்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போட்டார். ஜாப் ஷீட்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார். என் பார்வையில் இந்த வழக்கின் பாதி அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

2021 தொடக்கத்தில் ஒரு துணிப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பில், உத்தரவாத அட்டை, மெஷினைப் பொருத்திய அன்று கம்பெனி ஆள் கொடுத்த படிவம், ஜாப் ஷீட், கடைசியாக 2019, 2020 வருடத்து மாதக் காலண்டர்கள், நகைக்கடையில் கொடுத்தவை. பால் கணக்கு, கேஸ் பதிந்த தேதி, கரண்ட் பில் கட்டிய தேதி ஆகியவற்றுக்கு நடுவே, கட்டங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள். மாதம் ஒருமுறை ‘மெ.சு.’, அதாவது மெஷின் சுத்தம்: துணி போடாமல் சூடான தண்ணீரில் டிரம் சுத்தம் செய்யும் பொடியைப் போட்டு ஓட்டியது. ‘ஃபி.’ என்றால் கீழே இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவியது. சனிக்கிழமைகளில் ‘40’ என்று எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“பெட்ஷீட்டுங்க தம்பி. நாப்பது டிகிரில போடுவேன்.”

“இதையெல்லாம் எதுக்குங்க டீச்சர் எழுதினீங்க?”

“கணக்கு வாத்திச்சிங்க நான். வழிமுறை எழுதாம விடைய மட்டும் எழுதுனா அரை மார்க்குகூடப் போட மாட்டேன். அந்தப் பையன் வழிமுறையே இல்லாம விடைய எழுதிட்டுப் போயிருக்கான் பாருங்க.”

இதைவிட நல்ல வாதத்தை நான் அந்த வழக்கில் எங்கும் எழுதவில்லை.

முறையீட்டைத் தயாரிக்கும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய வழக்குகளில் எல்லோரும் முதலில் எழுதுவது ‘உற்பத்திக் குறைபாடு’. புது மெஷின் வேண்டும் என்றால் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை முறையீட்டாளர் தலையில். சோதனை செய்யாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது; அதற்கான கட்டணத்தை முறையீட்டாளர்தான் கட்ட வேண்டும். ஒடிந்த அலுமினியக் கை வார்ப்பிலேயே பழுதா, அரித்துப் போனதா என்று சொல்ல உலோகவியல் சோதனை தேவை. அந்தச் செலவு உதிரி பாகத்தின் விலையைத் தாண்டும் என்று தெரிந்தது. டீச்சரிடம் சொன்னேன். “வேண்டாங்க. அவன் எழுதுனது தப்புன்னு மட்டும் காட்டுங்க, போதும்” என்றார். ஆகவே உற்பத்திக் குறைபாட்டை மாற்றுக் கோரிக்கையாக ஓரத்தில் வைத்துவிட்டு, சோதிக்காமல் உத்தரவாதத்தை மறுத்தது சேவைக் குறைபாடு என்பதை முன்னால் வைத்தேன். சின்ன வழக்குகளில் கோரிக்கையைச் சுருக்குவது பல சமயம் லாபம்.

எதிர்தரப்பு பதிலுரை வந்தது. மேலே சொன்ன வாசகம், கூடவே இரண்டு புதுச் சரக்கு. ஒன்று, டெக்னீஷியன் வந்த நாளில் உத்தரவாதம் முடிந்துவிட்டது. இன்னொன்று, மெஷினைப் பொருத்திய அன்றே பராமரிப்பு முறைகளை விளக்கிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. முதலாவதற்குக் குறுஞ்செய்தி போதும். (ஊரடங்குக் காலத்தில் உச்ச நீதிமன்றம் காலவரம்பை நீட்டித்ததே, அது உத்தரவாதத்துக்கும் பொருந்தாதா என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அது வழக்குப் போடும் கெடுவுக்கான நீட்டிப்பு. கம்பெனி தரும் உத்தரவாத அட்டையை அது தொடாது.) இரண்டாவதற்கு, அவர்கள் தாக்கல் செய்த அதே படிவத்தை வாசித்தேன். ‘தண்ணீரின் கடினத்தன்மை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலி. இரண்டு வருடம் கழித்து எந்தக் காரணத்தைச் சொல்லி உத்தரவாதத்தை மறுத்தார்களோ, அதைக் குறிக்க அவர்களே அச்சடித்த கட்டம்!

கோவையில் இந்தக் கட்டத்துக்கு அர்த்தம் உண்டு. இங்கே பல வீடுகளில் மொட்டை மாடியில் இரண்டு தொட்டி. ஒன்றில் சிறுவாணி, அதாவது நல்ல தண்ணி. மற்றதில் ஆழ்துளைக் கிணற்று நீர், உப்புத் தண்ணி. சிறுவாணி மென்மைக்குப் பேர் போனது. அதே தெருவில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம். டீச்சர் வீட்டு இரண்டு தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். போர் தண்ணீர் 700-ஐத் தாண்டியது. சிறுவாணி 50-க்கும் கீழே. மெஷினுக்கு எந்தத் தண்ணீர் போனது என்பதுதான் கேள்வி.

அட்வகேட் கமிஷனரை நியமிக்கக் கேட்டோம். உடன் நிபுணராக ஒரு பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் ஆசிரியர். நுகர்வோர் ஆணையம் அனுமதித்தது. குறித்த நாளில் இரு தரப்பு வக்கீல்களும் வந்தோம், ஜாப் ஷீட் எழுதிய டெக்னீஷியனும் வந்திருந்தார். முதல் வேலையாகக் கமிஷனர் மொட்டை மாடிக்கு ஏறினார். உப்புத் தண்ணித் தொட்டியின் வால்வை மூடச் சொன்னார்; கீழே மெஷின் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதைத் திறந்துவிட்டு நல்ல தண்ணி வால்வை மூடினார். குழாய் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எதிர்தரப்பு வக்கீல் சும்மா விடவில்லை. குழாய் இணைப்பை வழக்குக்குப் பிறகு மாற்றியிருக்கலாமே என்றார். நியாயமான ஐயம்தான். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அதனால்தான் மெஷினைத் திறக்க வேண்டியிருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். வெளித்தொட்டியின் அடியில், இரண்டு முனையும் வயரும் மட்டும் வெளியே தெரிய, ஹீட்டர். நடுவில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, உள்ளே தட்டி, ரப்பர் அடைப்போடு மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தார் டெக்னீஷியன். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பனேட்டாக மாறிப் படியும். முதலில் படியும் இடம் சூடான இடம்தான். உப்புத் தண்ணீரில் இரண்டு வருடம் வெந்நீர் வைத்த ஹீட்டர், கம்பியே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். வெளியே வந்தது கருஞ்சாம்பல் நிறக் கம்பி. விரலால் தேய்த்தால் லேசான அழுக்குப் படலம், அவ்வளவுதான். அடைப்பு ரப்பரை ஒட்டிய ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு வெளுப்பு.

நிபுணர் டெக்னீஷியனைப் பார்த்து, “உப்புத் தண்ணி வீட்டுல ஹீட்டர் எப்படி இருக்கும் தம்பி?” என்று கேட்டார்.

“சுண்ணாம்பு அப்புன மாதிரி இருக்குங்க சார்.”

“இது?”

“இது நல்லாத்தானுங்க இருக்குது.”

கமிஷனர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அந்தப் பையன் மேல் எனக்கு இன்றும் மரியாதை. பக்கத்தில் கம்பெனி வக்கீல் நிற்க, உண்மையைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் திறக்காமல் எழுதியிருப்பார், வேறென்ன.

பிறகு டிரம்மைப் பிரித்தார்கள். ஸ்பைடரின் ஒரு கை அடிப்பகுதியில் ஒடிந்திருந்தது. மூன்று கைகளின் மூலைகளிலும் கறுப்பு நிறத்தில் பசை போன்ற அழுக்கு, அதைச் சுரண்டினால் அடியில் சின்னச் சின்னக் குழிகள், வெள்ளைத் தூள். சோப்பின் காரத்தன்மை அலுமினியத்துக்கு ஆகாது. ஈரத்தில் துருப்பிடிக்காத எஃகு டிரம்மோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதும் அரிப்பைக் கூட்டும். இந்த இடத்தில் அதிகச் சோப்பும், வெந்நீரே காட்டாத சலவையும், எப்போதும் மூடிக் கிடக்கும் கதவும் கெடுதல் செய்யும். உப்புத் தண்ணீரின் பங்கு குறைவு. இதை நிபுணர் அறிக்கையில் எழுதினார். வார்ப்பிலேயே பழுதா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும் என்றும் எழுதினார். அது எங்களுக்குச் சாதகமில்லாத வரி. ஆனாலும் நேர்மையான வரி.

எதிர்தரப்போ மூடிக் கிடக்கும் கதவு பற்றிய வரியைப் பிடித்துக்கொண்டது. உப்புத் தண்ணீர் போய், இப்போது ‘எட்டு மாதம் ஈரத்தோடு பூட்டி வைத்தார்’ என்று வாதம் மாறியது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது வழக்கமில்லை. சாட்சியம் பிரமாணப் பத்திரமாகத்தான் வரும். குறுக்கு விசாரணை தேவையென்றால் எழுத்து வடிவக் கேள்விகளாகக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் சொன்னது. அப்படியொரு கேள்விப் பட்டியல் டீச்சருக்கு வந்தது. ஊருக்குப் போகும் முன் மெஷினை எப்படி வைத்துவிட்டுப் போனீர்கள் என்பது முக்கியமான கேள்வி. நான் திருத்தாமல் தாக்கல் செய்த அவர் பதிலின் சாரம் இது.

போவதற்கு முந்தைய நாள் துணியில்லாமல் வெந்நீரில் ஒருமுறை ஓட்டினார். குழாயை மூடி, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றி, அதில் நின்ற தண்ணீரை வாளியில் கவிழ்த்தார். ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில் உள்ள சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். முன்பக்கம் கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து, தட்டு ஒன்றை வைத்து, வடிகுழாயில் மிச்சத் தண்ணீரை விட்டு, ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு ஊக்கும் ஒரு சட்டைப் பட்டனும் இருந்தன. ஃபில்டர் கழற்றாத மெஷினில் எத்தனை நாளானாலும் அந்த அடித்தண்ணீர் அங்கேயே நாறிக்கொண்டிருக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது. கதவு ரப்பரின் மடிப்பை விரித்து உலர்ந்த துணியால் துடைத்தார். சோப்புத் தட்டை முழுதாக உருவி வெயிலில் காய வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு துண்டைச் செருகினார். மேலே பிளாஸ்டிக் உறை போடவில்லை, பழைய பருத்திப் புடவையைப் போட்டார். அடியில் எலி புகாதபடி கம்பி வலை முன்பே கட்டியிருந்தது. அந்த வலைக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்: வயரை எலி கடித்த வழக்குகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன, பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் எலிக்கு விலக்கு உண்டு, அந்த வழக்குகளைப் போட வேண்டாம் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கதவு திறந்திருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கடைசிக் கேள்வி. பேருந்து ஏறிய பிறகு, எல்லா பிளக்கையும் எடுத்தீர்களா என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எடுத்த படங்களை டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், நாலாவது படத்தில் மெஷின்: தொங்கும் பிளக், புடவை, கொஞ்சம் திறந்த கதவு, நடுவில் ஒரு பச்சைத் துண்டு. தேதியும் நேரமும் படத்தோடு இருந்தன. சாட்சியச் சட்டம் முழுக்க ஆணையத்தைக் கட்டாது என்றாலும், மின்னணு ஆவணங்களுக்கு அப்போது நடப்பில் இருந்த 65-பி சான்றிதழோடுதான் தாக்கல் செய்தேன். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. துணி துவைக்க அவர் வாங்கியது முன்பக்க மெஷினுக்கான, நுரை குறைந்த திரவம்தான் என்பதற்கு மளிகைக்கடை பில்களும் இருந்தன. கைச்சலவைப் பொடியைப் போட்டிருந்தால் அந்தக் கறுப்புப் பசைக்கு நாங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்ப்பு ஒருபக்கமாக வரவில்லை. உற்பத்திக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே புது மெஷின் கிடையாது என்று ஆணையம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் புகார் உத்தரவாதக் காலத்துக்குள் பதியப்பட்டது, பழுது பார்க்க வருவதில் ஏற்பட்ட தாமதத்தை நுகர்வோர் தலையில் கட்ட முடியாது என்றது. தண்ணீரைச் சோதிக்காமலும் மெஷினைத் திறக்காமலும் ‘உப்பு நீர்ப் படிவு’ என்று எழுதி உத்தரவாதத்தை மறுத்தது சேவைக் குறைபாடு; பொருத்திய அன்று தாங்களே நிரப்ப வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பிற்பாடு அதே காரணத்தைச் சொல்ல முடியாது; முறையீட்டாளர் மெஷினைப் பராமரித்ததற்கும் முறையாக வைத்துவிட்டுப் போனதற்கும் போதுமான சான்று உள்ளது என்றது. டிரம் அசெம்பிளியை இலவசமாக மாற்றித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 10,000 ரூபாய், வழக்குச் செலவு 5,000 ரூபாய். உத்தரவில் காலண்டரைச் சான்றாவணமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நகைக்கடைக் காலண்டர் சான்றாவண எண் பெற்றதை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கம்பெனி போகவில்லை. கெடுவுக்குள் ஆள் அனுப்பி பாகத்தை மாற்றிக் கொடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டார்கள். வந்தவர் ஜாப் ஷீட்டை நீட்டியபோது, தண்ணீரின் கடினத்தன்மைக் கட்டத்தை நிரப்பிய பிறகுதான் டீச்சர் கையெழுத்துப் போட்டாராம்.

வீட்டில் இப்படியொரு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழுது பார்க்க வருகிறவர் காரணம் எழுதாத ஜாப் ஷீட்டிலோ, திறந்து பார்க்காமல் காரணம் எழுதிய ஜாப் ஷீட்டிலோ அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வரியையும் அதில் எழுதி, நகலை வாங்கிவிட்டு, புகார் எண் வந்த செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். பாகத்தைக் கழற்றிக்கொண்டு போக விட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. பேசித் தீர்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தீராவிட்டால், பழுது ஏற்பட்டு உத்தரவாதம் மறுக்கப்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.